பத்தரை மணிக்கு நின்றுபோன வசவு

மயில் அழகு என்று சொல்கிறவர்கள் யாருக்கும் புஞ்சை கிடையாது. எனக்கு உண்டு. வெம்பக்கோட்டை அணைக்கு மேற்கே இரண்டு ஏக்கர் கரிசல். வானம் பார்த்த பூமி. இரண்டு வருஷமாக அதில் நாங்கள் விதைத்தோம், மயிலும் கிளியும் அறுத்தன. முதல் வருஷம் பாசிப்பயறு போட்டோம். விதைத்த மூன்றாம் நாள் மயில்கள் இறங்கி, நாங்கள் போட்ட வரிசை பிசகாமல் நடந்து, ஒவ்வொரு விதையாகக் கிளறித் தின்றன. அந்த வரிசை பிசகாததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அடுத்த வருஷம் சோளம். கதிர் பால் பிடித்ததும் கிளி வந்தது. கிளி சிந்தியதற்கு மயில் வந்தது.

மூன்றாவது வருஷம், போன புரட்டாசியில், என் வீட்டுக்காரர் தரிசாகவே கிடக்கட்டும் என்றார். அவர் பட்டாசு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். ஊர் ஊராகப் போய் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருகிற வேலை. எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு யூனிட் போடுவதற்கு இடம் தேடி ஒரு தரகர் பைக்கில் அலைந்துகொண்டிருந்தார். தரிசு நிலம் என்றால் அவருக்கு வாசம் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு தடவை காப்பி குடித்துவிட்டார்.

நிலம் என் பேரில் இருக்கிறது. என் சமவயசுப் பெண்கள் கல்யாணமாகி நகை போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் அப்பா எனக்கு இந்த மண்ணைக் கொடுத்து அனுப்பினார். நகையை யாரும் தரிசு என்று சொல்வதில்லை. இதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். நான் கம்பு போடுவேன் என்று நின்றேன்.

"சரி. இந்த ஒரு வெள்ளாமைதான்," என்றார் வீட்டுக்காரர். "கம்பு வீடு வந்து சேந்தா புஞ்சை நமக்கு. சேரலேன்னா தரகருக்குக் கையெழுத்து. அதுக்கப்புறம் நீ வாயத் திறக்கக் கூடாது."

"வாயத் திறக்காம இருக்க வேற ஆளப் பாத்துக்கோங்க. மத்ததுக்கெல்லாம் சரி," என்றேன்.

இதில் ஒரு சிக்கல். காவலுக்கு ஆள் இல்லை. அவர் விடியுமுன் வேனை எடுத்தால் இருட்டும்போதுதான் வருவார். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கிறவள். ஆடியில் ஆரம்பித்து மார்கழி முடிய காலண்டர் சீசன். அந்த நாட்களில் லீவு என்ற சொல்லையே எடுக்க முடியாது. எமகண்டம் ஒரு கட்டம் தள்ளி அச்சாகிவிட்டால், அதை ஊரெல்லாம் ஒரு வருஷம் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். கம்பு பால் பிடிப்பதும் அந்த மார்கழியில்தான். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் புஞ்சைக்கு யார் இருப்பது?

தகர டப்பா கட்டினோம். அச்சகத்தில் கழித்துப்போட்ட ஜிகினாத் தாளை ரிப்பனாக வெட்டிக் கட்டினேன். மயில் அதில் முகம் பார்த்தது. வெடி போடலாம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊர் மயில் வெடிச் சத்தத்தில் பொரித்த குஞ்சு. கம்பெனிகளில் சோதனைக்குப் போடுகிற வெடியைக் கேட்டே வளர்ந்தது. சரம் முழுசும் வெடித்து முடிகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, பிறகு குனிந்து தின்னும்.

இதற்கு மேலும் பெரிய சத்தம் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கிவந்தார். கைப்பிடி வைத்த சின்ன ஸ்பீக்கர். உள்ளே பேட்டரி, பக்கத்தில் மெமரி கார்டு போட ஒரு பொந்து. கார்டு மட்டும் அவர் வேனில் பாட்டுக் கேட்கிற பழைய கார்டு. சத்தம் ஏற்ற வெம்பக்கோட்டை பஸ் நிறுத்தத்தில் இருக்கிற செல்போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் விருதுநகரில் மிளகாய் வத்தல் யாவாரம் பார்க்கிற முஸ்லிம் குடும்பம். அண்ணன் தம்பியெல்லாம் அங்கே மூடைக்கு நடுவில் உட்கார்ந்திருக்க, இவருக்கு மட்டும் வத்தல் நெடி ஆகாது. தும்மித் தும்மி இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தவர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை அக்கா என்பார்.

"நல்ல பெரிய சத்தமா ஒண்ணு ஏத்துங்க பாய்."

"எம்புட்டுப் பெருசுக்கா?"

"மயிலு கோவில்பட்டி தாண்டிப் போய் நிக்கணும்."

அவர் நெட்டில் தேடி ஒரு குண்டுச் சத்தத்தை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். கடையில் அதைச் சன்னமாக வைத்துத்தான் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

மாதம் ஒரு நாள் மின்சாரம் நிறுத்துவார்களே, அந்த நாளில் அச்சகம் கிடையாது. அன்று ஒன்பதரை மணிக்குப் புஞ்சையில் வைத்து முழுச் சத்தத்தில் போட்டேன். பெட்டி சின்னது. அதனால் அந்தச் சத்தம் பக்கத்தில் வெடித்த மாதிரி இல்லை. நாலு மைல் தள்ளி ஒரு பட்டாசுக் கட்டடம் வெடித்துப் போன மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். நான் இந்த ஊரில்தான் பிறந்தேன். மயில் மேல் இருந்த கோபத்தில் மூளை வேலை செய்யவில்லை. வேறு சாக்கு என்னிடம் இல்லை.

ஓடைப் பக்கம் நூறு நாள் வேலையில் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். ஓடிக்கொண்டே போன் போட்டார்கள். கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் எந்தப் போனையும் யாரும் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தி செருப்பில்லாமல் கருவேல முள் மேல் ஓடினாள். அவள் வீட்டுக்காரரும் மகளும் ஒரே யூனிட்டில் வேலை.

நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். என் குரல் யாருக்கும் விழவில்லை. அதற்குள் பெட்டி பாட்டுக்கு அதே சத்தத்தை இரண்டாம் தடவை போட்டது. அப்போதுதான் எல்லோரும் நின்று திரும்பி என் புஞ்சையைப் பார்த்தார்கள்.

அப்புறம் நான் வாங்கியது கொஞ்சமல்ல. நான் ஊரை ஏசுகிறவள். அன்றைக்கு ஊர் என்னை வரப்பில் நிறுத்தி வைத்து ஏசியது. "ஏ நாசமாப் போறவளே, எதுல வெளாடணும்னு இல்லையா?" "மயில வெரட்டப் போறாளாம், எங்க உசிர வெரட்டிட்டா!" செருப்பில்லாமல் ஓடியவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு அந்தச் செம்பை என் மேலேயே எறிந்தாள். நான் அதை எடுத்து வைத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவள் காலிலிருந்து முள்ளை எடுக்கிறபோதும் அவள் என்னை ஏசிக்கொண்டுதான் இருந்தாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்துப் புஞ்சைக்கார மதினி திடீரென்று கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள். எனக்கு உறவில்லை, ஆனால் வாய்க்கு வாய் மதினி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவளுடையது உளுந்து.

"ஏத்தா, மயில எங்க?"

பார்த்தோம். ஒன்றுகூட இல்லை. குண்டுச் சத்தத்துக்குத் தலையைத் தூக்காத மயில், இந்தப் பத்துப் பதினைந்து பெண்களின் ஏச்சுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் போய் இலந்தை மரத்தில் உட்கார்ந்திருந்தது.

"அதுக்குத் தேவை வெடி இல்ல, வசவு," என்றாள் மதினி. "நீதான் அதுல வஞ்சகமில்லாதவளாச்சே. பெட்டிக்குள்ள நீயே போயேன்."

செம்பு எறிந்தவள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் அவளுக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலை, அச்சகத்துக்குக் கிளம்புமுன், புஞ்சையில் நின்று என் போனில் பதிவு செய்தேன். நடிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மயில் எதிரிலேயே நின்றது.

"ஏலே கொண்டைக்காரா! உங்கப்பன் உழுத புஞ்சையாலே இது? எறங்குன கால ஒடிச்சு அடுப்புல வைப்பேன்லே! தோகையப் பாரு, தேஞ்ச வெளக்கமாறு! எம்புட்டு தின்னாலும் உனக்கு அடங்காதாலே? போலே அங்கிட்டு! தரகர்ட்ட சொல்லி வச்சிட்டு வந்தியோ? போலே!"

இப்படி இருபது நிமிஷம். வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "பாதி என்னைய சொன்ன மாதிரில்ல இருக்கு," என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டபோது என் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. 'போலே' என்பதை அளவுக்கு மேல் சொல்லியிருந்தேன்.

பாய் அதைக் கார்டில் ஏற்றிக் கொடுத்தார். இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலை ஆறு மணிக்குப் புஞ்சை நடுவில் ஒரு கழி நட்டு, மழைக்குச் சட்டியைக் கவிழ்த்து, பெட்டியைக் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுவதும் காலண்டர் தாளில் கண் இருந்தாலும் மனசு குளிர்ந்திருந்தது. அங்கே நான் ஏசிக்கொண்டிருக்கிறேன், இங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு இடம்.

சாயங்காலம் மதினி ரோட்டிலேயே மறித்தாள். "உன் வாயி பத்தரைக்கே மூடிப்போச்சு. அதுக சத்தம் நின்னுச்சான்னு தலைய சாச்சுக் கேட்டுட்டுல்ல எறங்குச்சுக. வடக்கு மூலைய போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். வடக்கு மூலையில் ஒரு வீடு கட்டுகிற அளவுக்குக் கதிர்கள் வெறும் சக்கையாக நின்றன. இப்படியே போனால் பத்து நாளில் முழுப் புஞ்சையும் அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். "லோடு அதிகம்," என்றார்.

"என்ன லோடு?"

"கார்டுல என் பாட்டு நானூறு கெடக்குல்ல. நானூறு பாட்டையும் தூக்கிக்கிட்டு ஓடுனா பேட்டரி தாங்குமா? வேன்ல நாப்பது பேர ஏத்துனா டீசல் குடிக்கலையா? காலியா போனா மைலேஜ்ஜு தன்னால வரும்."

இருபது வருஷமாக வேன் ஓட்டுகிறவர் சொல்கிறார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் லோடுதான். தாள் லோடு, தீப்பெட்டி லோடு, வேன் லோடு. பாட்டுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? அவர் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த நானூறு பாட்டையும் ஒவ்வொன்றாக அழித்தார். சிலதை அழிக்குமுன் ஒரு தடவை போட்டுக் கேட்டார். கார்டில் என் வசவு மட்டும் தனியாக நின்றது.

மறுநாளும் பத்தரைக்கே நின்றது.

நான் பெட்டியோடு பாய் கடைக்குப் போனேன். கடையில் ஆள் இருந்தார்கள். எனக்கு அதெல்லாம் கிடையாது.

"என்ன பாய் பேட்டரி இது? செத்த பேட்டரியத் தலைல கட்டிட்டீங்களா?"

"நான் எங்கக்கா கட்டுனேன்? உங்க வீட்டு அண்ணன்தான வேற கடைல வாங்கிட்டு வந்தாரு. இருங்க, பேட்டரிய அளந்து பாத்திருவோம்." அளந்தார். பேட்டரி நன்றாக இருந்தது. பிறகு கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க பதிஞ்சது வேவ் ஃபைலு. நானும் பாக்காம அப்படியே ஏத்திட்டேன்."

"அப்படின்னா?"

"அமுக்காத சரக்கு. சத்தம் எப்படி வந்துச்சோ அப்படியே அள்ளிக் கொட்டி வச்சிருக்கு. எங்க வீட்டுல வத்தல களத்துலருந்து அப்படியே லாரில கொட்டுனா லாரி நெறைஞ்சுரும், எடை ஏறாது. அதையே மூடைல போட்டு மிதிச்சுக் கட்டுனா பத்து லாரி சரக்கு ஒரு லாரில போகும். எம்பித்ரீன்னா மிதிச்சுக் கட்டுன மூடை. உங்க ஃபைலப் படிக்க இந்தப் பெட்டி ஒவ்வொரு நிமிசமும் பத்து மடங்கு சரக்க கார்டுலருந்து எறக்குது. எறக்குறதுக்கும் கூலி உண்டுல்ல? அது பேட்டரிலருந்துதான் போகுது."

"அப்ப லோடுதான?"

"லோடுதான். ஆனா கார்டுல கெடக்குற லோடு இல்ல. ஓடுறப்ப எறக்குற லோடு. சும்மா கெடக்குற நானூறு பாட்டு சோறா கேக்கும்?"

எனக்கு வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு நேராகவே சொல்லிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

"மூடையப் பிரிக்கவும் வேலை இருக்குமே பாய்? அதுக்குக் கூலி?"

"இருக்கு. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள இருக்குற சில்லு அதுக்குன்னே பொறந்தது. அது கண்ண மூடிக்கிட்டுப் பிரிக்கும்."

"மிதிச்சா வத்தல் நொறுங்குமே?"

"கொஞ்சம் நொறுங்கும். சத்தத்துல சன்னமா இருக்குற சிலது போயிரும். மயிலுக்கு அதெல்லாம் தெரியவா போகுது? நீங்க என்ன கச்சேரியா பண்ணியிருக்கீக?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நான் யார் சொன்னாலும் அப்படியே நம்புகிறவள் இல்லை. ஒரே வசவை மூன்று விதமாகப் போட்டுத் தரச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் முழுச் சார்ஜ், ஒரே சத்தம், காலை ஆறு மணித் தொடக்கம். மணி பார்க்க மதினி. கழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே எழுதி வைத்தேன். வேவ் ஃபைல் மூன்றாவது தடவையும் பத்தரைதான். லேசாக மிதித்த எம்பித்ரீ பதினொன்றேகால். நன்றாக மிதித்து, இரண்டு காதுக்கு இரண்டு சத்தம் என்கிற வேலையை நிறுத்தி ஒன்றாக ஆக்கியது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் வரை வந்தது. இன்னும் மிதியுங்கள் என்றேன். மிதித்தார். குரல் வாத்து கத்துகிற மாதிரி ஆகிவிட்டது. மயில்கள் ஓடாமல் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, இது யார் புதுசாக என்று சுற்றிப் பார்த்ததாக மதினி சொன்னாள். அதோடு மிதிப்பதை நிறுத்திக்கொண்டோம்.

பவர் பேங்க் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வைத்தோம். சார்ஜ் ஏறும்போது பாடாத பெட்டி அது. சத்தத்தைக் குறைக்கலாமே என்பவர்களுக்கு: பேட்டரியை அதிகம் தின்பது சத்தம்தான், ஃபைல் அதற்கு அப்புறம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தத்தைக் குறைத்தால் புஞ்சையின் மேற்கு ஓரம் மயிலுக்கு என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஆக, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றோம். சாயங்காலம் ஆறு மணி எங்கே, பன்னிரண்டு எங்கே. அரைநாள் ஏச்சுக்கு அரைப் புஞ்சைதான் மிஞ்சும். அரைப் புஞ்சைக் கம்பு 'வீடு வந்து சேந்த' கணக்கில் வராது என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பாட்டுப் போன கோபமும் அதில் இருந்தது.

வழியை மதினிதான் சொன்னாள், அதுவும் குறையாக. "என்னத்தா பேச்சு பேசுற நீ? மூச்சு விடாம வைய்ற. நேர்ல நீ இப்படி வைய மாட்டியே. ரெண்டு போடு போட்டுட்டு மொறச்சுக்கிட்டுல்ல நிப்ப. காது வலிக்குது."

நான் அந்த ஃபைலைக் காதில் வைத்து முழுதாகக் கேட்டேன். மதினி சொன்னது சரி. நான் பேசியதில் நடுவே நிறுத்தங்கள் இருந்தன. இதில் ஒன்றுகூட இல்லை. பாயிடம் போய்க் கேட்டேன்.

"எம்பித்ரீ ஆக்குறப்ப நாந்தான்க்கா வெட்டுனேன். சும்மா இருக்குற எடம் எதுக்குன்னு..."

"யாரக் கேட்டு வெட்டுனீக? வைய்றதுல பாதி வேலையே அந்த நிறுத்துற எடத்துலதான நடக்குது! அடுத்து என்ன சொல்லப் போறாளோன்னு எதிராளி நிக்கணும்ல? உங்க வீட்டுல உங்கள யாரும் வஞ்சதே இல்லையா?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "இருக்காக. நீங்க சொல்றது நெசந்தான். அந்த எடம்தான் தாங்க முடியாது," என்றார்.

அச்சகத்தில் நான் அடிக்கடி போடுகிற திருத்தம் அதுதான். இடம் விடு. நெருக்கி அடித்தால் படிக்க முடியாது. அதை என் சொந்த வசவுக்குப் போடாமல் விட்டிருக்கிறேன். பாயிடம் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தேன். ஒரு நிமிஷம் ஏச்சு, மூன்று நிமிஷம் மௌனம். சில இடத்தில் ஐந்து நிமிஷம். சில இடத்தில் மௌனம் ஆரம்பித்த மாதிரி இருந்து, சட்டென்று ஒரே ஒரு 'போலே'.

"பழைய வேவ் ஃபைலுன்னா இந்த வேலை பாதிதான் பலிக்கும்," என்றார் பாய். "அதுல சும்மா இருக்குறதுக்கும் அதே எடைதான். எம்பித்ரீல தேவைக்குத் தக்க மிதிக்கிற மாதிரி வச்சிருக்கேன். நீங்க பேசாம இருந்தா எடை கிட்டத்தட்ட இல்ல. ஸ்பீக்கரும் தூங்கும்."

மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மணி ஐந்தே முக்கால். ரோட்டில் நிற்கும்போதே ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் கேட்டது. "தோகையப் பாரு, தேஞ்ச வெளக்கமாறு!" எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மதினி வரப்பில் உட்கார்ந்து, "எறங்கவே இல்ல. ஒவ்வொரு தடவையும் எறங்கலாமான்னு கழுத்த நீட்டுது, அப்பப் பாத்து நீ பேசுற," என்றாள்.

வீட்டுக்காரரும் தன் குரலைப் பதிந்து ஒரு நாள் வைத்துப் பார்த்தார். ஏதோ ஓர் ஆண் குரலும் இருந்தால் நல்லது என்று வாதம். மயில்கள் பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டன. கிளி பெட்டி மேலேயே உட்கார்ந்தது. "வேன்ல ஏறுறதுகளும் இப்படித்தான், நான் சொன்னா கேக்குறதே இல்ல," என்று சொல்லிவிட்டு அவரே அழித்துவிட்டார்.

மார்கழி கடைசியில் நிலத் தரகர் வந்தார். அன்றைக்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமை. புஞ்சையில் மேற்கு ஓரம் குனிந்து கதிர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை. பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் கால் வைத்தார். மௌனம் ஓடிக்கொண்டிருந்த நேரம். அளவெடுக்கிற மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். பத்து அடி வந்திருப்பார்.

"எறங்குன கால ஒடிச்சு அடுப்புல வைப்பேன்லே!"

மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். "இல்ல தாயி, சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

"எம்புட்டு தின்னாலும் உனக்கு அடங்காதாலே?"

"தின்னேனா? நான் காப்பிதான தாயி குடிச்சேன்..."

"தரகர்ட்ட சொல்லி வச்சிட்டு வந்தியோ? போலே!"

அவர் போய்விட்டார். வரப்பில் விட்ட செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், கையில் தூக்கிக்கொண்டு போனார். நான் கம்புக்குள் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். எழுந்து விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வசவில் அவருக்கும் பங்கு உண்டு.

தை பிறந்து நாலாம் நாள் அறுத்தோம். செம்பு எறிந்தவளும் கூலிக்கு வந்தாள். கதிர் அறுக்கும்போது, "ஏத்தா, அந்தப் பெட்டிய அமத்திப் போடு. நேர்ல ஒருக்கா, பெட்டில ஒருக்கான்னு உன் வாயக் கேக்க முடியல," என்றாள். அமர்த்தினேன். வடக்கு மூலையும் சோதனை பார்த்த நாட்களில் போனதும் போக, மிச்சமெல்லாம் கதிர் முழுசாக இருந்தது. களத்தில் அடித்துத் தூற்றி மூடை கட்டியபோது, வீட்டுக்காரர் கம்பெனிக்கு ஓய்வு நாள் என்று வேனைக் கொண்டுவந்து, சீட்டைக் கழற்றிவிட்டு ஏற்றினார். ஒரே நடையில் வரவில்லை. இரண்டாவது நடை போகவேண்டியிருந்தது. லோடு அதிகம் என்று அவரே சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன்.

பாய் கடைக்கு ஒரு தூக்குவாளி நிறையக் கம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையை விட்டு அள்ளிப் பார்த்தார்.

"தூசியா இருக்கேக்கா. தும்மல் வருமே."

"பொடைச்சுத் தின்னுங்க பாய். அதையும் நானா செஞ்சு தரணும்?"

"சரி, சரி. உங்க வீட்டு அண்ணனுக்கு நானூறு பாட்ட நான் ஏத்தித் தாரேன். கார்டக் குடுத்து விடுங்க."

இரண்டாவது நடை இறக்கி முடித்த அன்று சாயங்காலம், எங்கள் வீட்டு முன்னறையில் நடக்க இடமில்லாமல் மூடை அடுக்கியிருந்தது. தரகரிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்காரர் மூடை மேல் உட்கார்ந்துகொண்டே எடுத்தார். "இல்லண்ணே. இல்ல. புஞ்சைய குடுக்கறதா இல்ல," என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "அவ பக்கத்துலதான் இருக்கா, குடுக்கவா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்து, "அடுத்து என்ன போடப் போற?" என்றார்.

"பாசிப்பயறு," என்றேன். "மயிலுகிட்ட ஒரு கணக்கு பாக்கி இருக்கு."